இரண்டு ஆள் கனம்

மதிய ஷிஃப்டின் முதல் ரீல் இறங்கும்போது மணி மூன்றேகால். தகரக் கூரை காய்ந்து, உள்ளே நின்றவர்களின் உச்சந்தலையைச் சுட்டது.

ரீவைண்டர் மெஷினின் பின்பக்கம் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஆபரேட்டர். மற்றவன் அவருடைய தங்கை புருஷன். அவர் அவனை மாப்ளே என்று கூப்பிடுவதால் ஆலை முழுக்க அவனுக்கு மாப்பிள்ளை என்றே பெயர். வாட்ச்மேனும் அப்படித்தான் கூப்பிட்டார். இன்சார்ஜும் அப்படித்தான். ஊரில் எவனுக்கும் இத்தனை மாமனார் கிடையாது என்று கேன்டீன்காரர் சொல்வார்.

பெரிய காகித உருளையை வெட்டிச் சின்ன ரீல்களாகச் சுற்றுகிற மெஷின் அது. ரீலின் நடுவில் அட்டைக் குழாய். குழாய்க்குள் இரும்பு ஷாஃப்ட். காற்று அடைத்தால் ஷாஃப்டின் பற்கள் எழும்பி அட்டையைக் கவ்வும். காற்றை விட்டால் உள்ளே போகும். பிறகு ஷாஃப்டை உருவ வேண்டும். உருவியதும் முழுக் கனமும் கையில் வரும். ஒரு ஆளால் முடியாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.

தாங்கியில் இறக்குவதற்கு ஒரு முறை இருந்தது. பின்னால் நிற்பவர் "விடட்டுமா" என்று கேட்பார். முன்னால் நிற்பவர் "விடு" என்பார். இரண்டு பேரும் ஒன்றாகக் குனிவார்கள். கேட்காமல் ஒருவர் விட்டால் மற்றவர் முனை துள்ளும். விரல் ஷாஃப்டுக்கும் தாங்கிக்கும் நடுவே போகும்.

எப்போதும் பின்னால் நிற்பவர் ஆபரேட்டர். அன்று அவர் கேட்கவில்லை. விட்டார்.

மாப்பிள்ளை கத்தவில்லை. இடது கை மோதிர விரலைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினான். நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்தது.

"கை வழுக்கிடுச்சு மாப்ளே."

"பரவாயில்ல மச்சான். வேர்வை."

இரண்டு பேருக்கும் தெரியும். அன்று காலையில் தங்கை மாடியிலிருந்து தண்ணீர் பிடிக்க இறங்கி வந்தபோது வாளியை இடது கையில் தூக்கினாள். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். ஆபரேட்டர் பல் துலக்கிக்கொண்டே பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. முன்பு ஒருமுறை கேட்டதற்கு, படியில் விழுந்தேன் என்று அவள் சொன்னாள். அவன் பக்கத்தில் நின்று, பாத்து இறங்குன்னா கேக்கமாட்டா மச்சான் என்று சிரித்தான்.

அவர் பேச்சுக்காரர் இல்லை. அவனை ஆலையில் சேர்த்தவர் அவர். தங்கைக்குப் பார்த்ததும் அவர்தான். பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் உண்மையிலேயே கை வழுக்கியது. அவனுடைய கட்டை விரல் நசுங்கியது. அதற்குப் பிறகு பல நாள் மாடியில் சத்தம் இல்லை. அவர் அதை மனதில் குறித்துக்கொண்டார். அடுத்த முறை மாடியில் சத்தம் கேட்டதும், மறுநாள் கை மறுபடி வழுக்கியது.

இப்படி ஒரு வருஷம் போனது. மாடி அடங்கிவிட்டது என்று அவர் நினைத்தார். எப்போதாவது அவள் நடையிலோ கையிலோ எதையாவது கண்டால் மட்டும் ஷாஃப்ட் வழுக்கியது. ஒரு ஆணியை அவ்வப்போது இரண்டு தட்டு தட்டி வைப்பது மாதிரி.

வீடு ஆலைக்குப் பின்தெருவில் இருந்தது. கீழே ஆபரேட்டரும் அவர் மனைவியும். மாடியில் தங்கையும் மாப்பிள்ளையும். வெளிச்சுவரை ஒட்டி ஏறும் படி. கைப்பிடி கிடையாது. முப்பது வயது தாண்டியும் தங்கையை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். அவள் ஒரு கடைக்கு மூட்டையாக வரும் பைகளைத் தைத்துக் கொடுத்தாள். இரும்புக் கால் வைத்த பழைய தையல் மெஷின். அது ஓடினால் கீழ்வீட்டுக் கூரை அதிரும். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் உள்ள தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழும்.

சாப்பிடும்போது ஆபரேட்டர் அந்த அலையைப் பார்ப்பார். மெஷின் ஓடுகிறது, அவள் வேலை செய்கிறாள். அப்படியென்றால் ஒன்றுமில்லை. கை கழுவிவிட்டுப் படுப்பார்.

அந்த வாரம் ஆலைக்கு நீளமான மரப்பெட்டியில் புது ஷாஃப்டுகள் வந்து இறங்கின. கார்பன் இழையில் செய்தவை. கன்னங்கரேல் என்று, மேலே கண்ணாடி மாதிரி மினுங்கின. கூட வந்த கம்பெனிக்காரர் ஒரு முனையைப் பிடித்து, தோளுக்கு ஏற்றி, குடையைச் சாய்த்து வைப்பதுபோல வைத்துக்கொண்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். கேன்டீன்காரர் ஒரு கையில் டீத்தட்டோடு மறு கையால் இன்னொன்றின் முனையைத் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லையா சார்?"

"அதான் விஷயம். உள்ள ஒண்ணும் இல்ல."

கம்பெனிக்காரர் விளக்கினார். இரும்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு கனம்கூடக் கிடையாது. முதுகு போகாது. ஒரு ஆள் போதும். ஒன்றே ஒன்று, இதை அடிக்கக் கூடாது. இரும்பு ஷாஃப்ட் குழாயில் சிக்கினால் பித்தளைச் சுத்தியலால் முனையில் நாலு போடு போட்டு உருவுவது அங்கே வழக்கம். அந்த வேலை இதனிடம் ஆகாது. அடித்தால் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. உள்ளே இழை இழையாகப் பிரிந்திருக்கும். தெரியாமல் ஓட்டினால் சுற்றுகிற வேகத்தில் வெடிக்கும். சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து ஷாஃப்டின் மேல் வரிசையாகத் தட்டிக் காட்டினார். டக், டக், டக் என்று ஒரே சத்தம். எந்த இடத்தில் சத்தம் அமுங்குகிறதோ அந்த இடம் செத்துவிட்டது என்றார்.

இன்சார்ஜ் அப்போதே சொல்லிவிட்டார். ரீவைண்டருக்கு இனி மாப்பிள்ளை மட்டும் போதும். ஆபரேட்டர் கூழ்த் தொட்டிக்குப் போகலாம். அதே சம்பளம். நின்று பார்த்துக்கொண்டால் போதும்.

ஆபரேட்டர் முடியாது என்றார். அவர் இன்சார்ஜிடம் முடியாது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. மழைக்காலம் வருகிறது, காகிதம் ஈரம் இழுக்கும், அட்டைக் குழாய் உப்பும், ஷாஃப்ட் சிக்கும், ஒரு ஆளால் உருவ முடியாது என்றார். சிக்கும்போது கூப்பிடுகிறோம் என்றார் இன்சார்ஜ். முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள் இருந்தால்தான் மெஷினுக்குப் பாதுகாப்பு என்றார் ஆபரேட்டர். இன்சார்ஜுக்கு எரிச்சல் வந்தது.

"சும்மா நிக்கற வேலை குடுத்தா யாராவது மூஞ்சியத் தூக்குவாங்களா? உங்களுக்கு என்னதான் பிரச்சினை?"

ஆபரேட்டர் ஓரமாகக் கிடந்த இரும்பு ஷாஃப்டைப் பார்த்தார்.

மாப்பிள்ளைக்குப் புரிந்தது. அவன் கறுப்பு ஷாஃப்டை ஒற்றை ஆளாகத் தூக்கி, மெஷினின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தான். திரும்பி வந்தான். ஆபரேட்டர் முன்னால் நின்று அதைத் தாங்கியில் மெதுவாக, சத்தமே இல்லாமல் வைத்தான். நகம் கறுத்த விரலை நீட்டி அதைத் துடைத்தான்.

"பாத்தீங்களா மச்சான். விடட்டுமான்னு கேக்கவே வேணாம்."

மழை பிடித்துக்கொண்டது. தெருவில் தண்ணீர் ஓடியது. கூழ்த் தொட்டிப் பக்கம் பழைய காகிதம் ஊறிய நாற்றம். தொட்டியின் அடியில் கத்தி சுற்றும். மேலே சாம்பல் நிறக் கூழ் சுழித்துக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர் கைகளைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். அவர் கைக்கு ஒரு வேலையும் இல்லை.

காலை ஷிஃப்ட் முடிந்த ஒரு நாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது மாடியில் ஏதோ விழுந்தது. கனமான சத்தம். பிறகு இன்னொன்று. அவர் டம்ளரைப் பார்த்தார். தண்ணீர் ஒரு தடவை துள்ளி அடங்கியது.

"மெஷின் ஓடலையே" என்றாள் அவர் மனைவி.

மறுபடி சத்தம். சுவரில் எதுவோ மோதியது. இந்தத் தடவை பாப்பாவின் குரலும் கேட்டது. வார்த்தை இல்லை. இடி கொஞ்சம் ஓய்ந்த நேரம். தெருவில் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"போய்க் கேளுங்க. இல்லன்னா நான் போறேன்."

அவர் கையைக்கூடக் கழுவவில்லை. மழையில் படி ஏறினார்.

கதவு தாழ் போடாமல் இருந்தது. மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். ஓட்டை ஒரு காகிதத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தான். பாப்பா தையல் மெஷினின் இரும்புக் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கீழுதடு கிழிந்திருந்தது. ஒரு கண் மூடத் தொடங்கியிருந்தது. தைத்த பைகள் அறை முழுக்கச் சிதறிக் கிடந்தன.

"வாங்க மச்சான். சாப்பிடறீங்களா?"

ஆபரேட்டர் வாசலில் நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஒரு வருஷமா ஒழுங்காத்தான இருந்த."

"இருந்தேனா?" மாப்பிள்ளை உப்பைத் தொட்டுக்கொண்டான். "பாப்பா, நான் ஒழுங்கா இருந்தேனா? அண்ணன்கிட்ட சொல்லு."

அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். தையல்காரியின் கைகள். நூல் அறுத்த கோடுகள். அவர் பார்த்தார், விளங்கவில்லை. அவள் விரல்களை விரித்தாள். இடது கை மோதிர விரலின் நகத்தில், நடுவில், ஒரு கறுத்த புள்ளி. அதைச் சுற்றி நகம் வெடித்திருந்தது. வலது கட்டை விரலில் ஆறிய வடு. சுண்டு விரலில் ஒன்று. வலது நடுவிரலில் நகமே இல்லை.

"நீ அங்க எந்த விரல நசுக்குனியோ, அந்த விரல். அன்னிக்கே. ஊசிக்கு அடியில வெக்கச் சொல்வாரு. பெடல அவரு மிதிப்பாரு."

மாப்பிள்ளை மென்றுகொண்டிருந்தான்.

"மெஷின் ஓடுனா நீ தூங்கிடுவேன்னு அவருக்குத் தெரியும்ணா."

"ஏன் பாப்பா சொல்லல?"

"சொல்லி? நீ அடுத்தது அவர் கால உடைப்ப. அப்புறம்?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். சோறு இன்னும் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை காகிதத்தை மடித்து முட்டை ஓட்டை ஜன்னல் வழியாக எறிந்தான். இனி அந்த வேலை எல்லாம் வேண்டியதில்லை என்று மெதுவாகச் சொன்னான். ஒளித்துச் செய்வதற்கு என்ன இருக்கிறது, யாருக்குப் பயந்து. குடும்ப விஷயம், மச்சான் நனையாமல் கீழே போகலாம்.

பாப்பாவைக் கையோடு கூப்பிட்டார். அவள் தலையை ஆட்டினாள். மெஷின் இல்லாமல் வரமாட்டேன் என்றாள். அது போனால் அவள் சாப்பாட்டுக்கு இன்னொருத்தர் கையைப் பார்க்கவேண்டும். கைகளைப் பார்த்தது போதும் என்றாள்.

கீழே அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் மனைவி அடுப்பை அணைத்தாள்.

"அடிக்கடி ஊசி வாங்கிட்டு வரச் சொல்லுவா. உடைஞ்சிடுச்சு அண்ணி, உடைஞ்சிடுச்சு அண்ணின்னு. நான் வாங்கிக் குடுத்தேன்."

மறுநாள் மதியம் ஆபரேட்டர் கூழ்த் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு ஆலையின் மறுகோடிக்கு நடந்தார். மாப்பிள்ளை தனியாக நின்று காற்றை விட்டுக்கொண்டிருந்தான். ஒரு கறுப்பு ஷாஃப்டை உருவித் தாங்கியில் வைத்திருந்தான். இரும்பாக இருந்திருந்தால் அன்று அங்கே ஒன்றும் நடந்திருக்காது. அதைப் பிடிக்க எதிர்முனையில் அவனே வேண்டியிருந்திருக்கும்.

ஆபரேட்டர் முனையைப் பிடிக்கவில்லை. முனைக்குச் சற்று உள்ளே இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். அவர் அதை முதல்முறையாகத் தூக்கினார். எதிர்பார்த்த கனம் இல்லாததால் ஒரு அடி பின்னால் போனார். நிலைத்து நின்று சுழற்றினார்.

முதல் அடி தோளில் விழுந்தது. மாப்பிள்ளை மெஷின்மேல் மோதினான். இரண்டாவது விலாவில். அவன் மடங்கிக் காகிதத் துண்டுகளின் மேல் விழுந்தான். பக்கத்து மெஷின்காரர்கள் அதற்குள் பார்த்துவிட்டார்கள். யாரும் ஓடிவரவில்லை. அவ்வளவு நீளத்தை அவர் அவ்வளவு லேசாகப் பிடித்திருந்ததால் விளையாட்டு என்று நினைத்தார்கள். ஒருவன் சிரிக்கக்கூடச் செய்தான். மூன்றாவது அடி தலைக்கு வந்தது. மாப்பிள்ளை உருண்டான். ஷாஃப்ட் மெஷினின் இரும்புச் சட்டத்தில் அடித்தது. அவர் முழங்கை வரை விறைத்தது. கீழே போட்டார். காலியான சத்தத்தோடு அது உருண்டு போனது. பிறகு கால்களால் உதைத்தார். முகத்தில், கழுத்தில், விலாவில். நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். இழுத்தவர்களில் ஒருவனின் பல்லை முழங்கையால் உடைத்தார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

மாப்பிள்ளை கவிழ்ந்து கிடந்தபடி ரத்தத்தைத் துப்பினான். அவர் காதில் விழும்படி சொன்னான்.

"லேசா இருக்கு மச்சான்."

ஓடிவந்த இன்சார்ஜ் முதலில் ஷாஃப்டைத்தான் பார்த்தார்.

அதில் ஒரு கீறலும் இல்லை. கம்பெனிக்காரரை வரவழைத்தார்கள். அவர் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக். நடுவில் ஒரு சாண் நீளத்துக்குச் சத்தம் அமுங்கியது. மறுபடி தட்டினார். தலையசைத்தார். இதை மெஷினில் மாட்டினால் கொலை என்றார். யாரும் தெரியாமல் எடுத்து மாட்டிவிடாதபடி அன்றே அதை இரண்டாக அறுத்தார்கள்.

ஆபரேட்டரை வேலையிலிருந்து எடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு எலும்பு முறியவில்லை. முகம் வீங்கி, விலாவில் துணி சுற்றியிருந்தான். போலீசுக்குப் போகலாம் என்று இன்சார்ஜே சொன்னார். வேண்டாம் சார், குடும்ப விஷயம் என்றான். ஆலையில் எல்லோரும் அவன் பொறுமையைப் பேசினார்கள். ஷிஃப்ட் முடிந்து ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்து பார்த்தார்கள். பாப்பா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவள் முகத்தை அவர்களும் பார்த்தார்கள். கண்ணாடிக் கதவில் இடித்துக்கொண்டாள் என்று மாப்பிள்ளை சொன்னான். அவர்கள் டீ குடித்தார்கள்.

ஆபரேட்டர் மனைவி முடிவெடுத்தாள். ஊரின் இன்னொரு கோடியில் அவள் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை காலி இருந்தது. மூன்று பேருக்குப் போதும். பாப்பா மெஷினோடு வரட்டும்.

வண்டி வந்த காலையிலும் மழை விடவில்லை. பாத்திரம், படுக்கை, அடுப்பு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் இறங்கவே இல்லை. ஏற்றி இறக்குவது தன் வேலை இல்லை, தன் முதுகெலும்பில் ஏற்கெனவே இரண்டு தட்டு விலகியிருக்கிறது, மூன்றாவதை உங்களுக்குத் தரமுடியாது என்றான். ஆபரேட்டர் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஆள் இருந்தும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மழை நின்றதும் வருகிறேன் என்றார். பொறுமையான புருஷனிடமிருந்து பெண்டாட்டியைப் பிரித்துக்கொண்டு போகிறவருக்குக் கை கொடுக்க அந்தத் தெருவில் ஆள் இல்லை.

தனியாக ஏறினார். பாப்பா துணிமூட்டையைக் கட்டி முடித்திருந்தாள். மாப்பிள்ளை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மெஷினின் தலையைக் கழற்றித் தனியாக இறக்கலாம் என்று பார்த்தார். போல்ட் துருப்பிடித்திருந்தது. ஸ்பேனரை அழுத்தியதில் அவர் கை வழுக்கித் தோல் உரிந்தது. இரும்புக் காலைப் பிடித்து நிலைப்படி வரை இழுத்தார். அதற்குமேல் அசையவில்லை. கீழே டிரைவர் ஹார்ன் அடித்தான். பாப்பா ஒரு பக்கம் கை வைத்தாள். விரல்களால் பிடிக்க முடியவில்லை.

"விடு பாப்பா. நீ முன்னாடி எறங்கு."

அவள் மூட்டையோடு இறங்கினாள். அவர் மறுபடி இழுத்தார்.

கட்டில் கிறீச்சிட்டது. மாப்பிள்ளை எழுந்து, விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தான். முகத்தில் மஞ்சளும் நீலமுமாக வீக்கம் வடிந்துகொண்டிருந்தது. மெஷினின் உள்பக்கத்தில் நின்றான்.

"ஒரு ஆளால ஆகாது மச்சான். இது இரும்பு."

"நீ போய்ப் படு."

"வண்டிக்காரன் போயிடுவான். அப்புறம் அவ வரமாட்டா. உங்களுக்கே தெரியும்."

சொல்லிக்கொண்டே அவன் தன் பக்கத்தைத் தூக்கிவிட்டான். கனம் சாய்ந்தது. ஆபரேட்டர் பிடித்தே ஆகவேண்டியிருந்தது. பிடித்தார். கைகளுக்கு எல்லாம் நினைவிருந்தது. யாரும் சொல்லாமலே இரண்டு பேரின் மூச்சும் ஒன்றாக ஏறி இறங்கியது. நிலைப்படியைத் தாண்டினார்கள்.

ஆபரேட்டர் பின்பக்கமாகப் படி இறங்கினார். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. படியில் பாசி. பாப்பா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நாலு படி ஏறி வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"நான் பாக்கறேன்ணா. வா. இன்னொண்ணு. வா."

அவளை விலகச் சொல்ல வாய் எடுத்தார். அப்போது அவர் கால் ஒரு படி வழுக்கி நின்றது. மெஷினின் இரும்பு விளிம்பு நெஞ்சில் அழுந்தியது. முழுக் கனமும் இப்போது அவர்மேல் சாய்ந்திருந்தது. மூச்சு விட இடமில்லை. மழை நேராகக் கண்ணில் விழுந்தது.

மேலே மாப்பிள்ளை நின்றுவிட்டான். அவன் பிடியில் இருந்த விரல்கள் அவர் முகத்துக்கு நேராகத் தெரிந்தன. மோதிர விரலின் நகம் விழுந்து, புது நகம் இன்னும் முளைக்கவில்லை. அவன் அவரைப் பார்த்தான். அவர் தோளுக்குமேல் பாப்பாவைப் பார்த்தான்.

"இன்னிக்கு நான்தான பின்னால. அப்போ நான்தான கேக்கணும்" என்றான். "விடட்டுமா, மச்சான்?"